கேரம் காய் விழாத தலை

புதிதாக வகுப்பை ஏற்றுக்கொண்டிருக்கும் உங்கள் இருவருக்கும்,

அறைச் சாவியைக் கொடுத்த அன்று, "மேடம், உங்க நோட்ஸ் எல்லாத்தையும் ஒரே ஃபைலாப் போட்டுக் குடுத்துடுங்க" என்று கேட்டீர்கள். கொடுத்துவிட்டேன். மூச்சுப் பயிற்சி, குரல் பயிற்சி, அழுகைக்கு ஒரு பக்கம், சிரிப்புக்கு மூன்று பக்கம், எல்லாம் அதில் இருக்கின்றன. சிரிப்புக்கு ஏன் மூன்று பக்கம் என்று போகப் போக உங்களுக்கே தெரியும். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் தாராளமாக ஓட்டலாம்.

ஆனால் நான் செய்த தப்புகளிலேயே பெரியது அந்த ஃபைலில் இல்லை. தன் தப்புக்குப் பக்க எண் போட்டு யார் ஃபைலில் வைப்பார்கள்? இந்த நகரியத்தில் இருபத்தாறு வருஷம் நடிப்பு வகுப்பு நடத்தியவள் என்று என்னைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். வழியனுப்பு விழாவில் சால்வை போர்த்தும்போதுகூட ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். வேலை விட்டாயிற்று, இனி என் மானம் போனால் பெரிய நஷ்டமில்லை.

முதலில் கேரம் காய் கதை. கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு நாடகக் குழுவில் எட்டு வருஷம் நடித்தேன். குழுவை நடத்தியவரின் பெயர் வேண்டாம், அவருடைய பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். கோபக்காரர். ஒத்திகையில் எங்கள் தலையில் ஆளுக்கொரு தீப்பெட்டியை வைத்து வசனம் பேச வைப்பார். தீப்பெட்டி விழுந்தால் முதல் வசனத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். "கழுத்து ஆடினா குரல் ஆடும். குரல் ஆடினா கடைசி வரிசைக்காரன் எழுந்து போயிடுவான்" என்பார். ஒருமுறை வெளியூரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மைக் படுத்துவிட்டது. தலையை ஆட்டி ஆட்டிப் பேசிய கதாநாயகியைக் கூட்டம் கத்தியே உட்கார வைத்துவிட்டது. தோழி வேஷத்தில் நின்ற என் குரல் மட்டும் கடைசி வரிசைவரை போனது. அன்று கிடைத்த கைதட்டலோடு நேரான கழுத்து எனக்குச் சாமியாகிவிட்டது.

பிறகு அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்த என் கணவரோடு இங்கே குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். கிளப்பில் ஒரு அறையைக் கேட்டு வாங்கி வகுப்பு ஆரம்பித்தேன். அது கேரம் ஆடும் அறை. வாரத்தில் மூன்று நாள் எனக்கு, மற்ற நாள் அவர்களுக்கு என்று ஏற்பாடு. முதல் நாளே தீப்பெட்டி தேடினேன், கிடைக்கவில்லை. போர்டு மேல் சிவப்புக் காய் இருந்தது. "ஒரு மணி நேரத்துக்குக் கடன் குடுங்க" என்று கேட்டு எடுத்தேன். அப்படியே என் கைப்பையில் தங்கிவிட்டது. பாவம், கேரம்காரர்கள் ஒரு வெள்ளைக் காய்க்கு நகப்பாலிஷ் பூசி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் என் வகுப்புக்குக் 'காயின் கிளாஸ்' என்றே பெயர் வந்தது.

எங்கள் வகுப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராஜா வேஷக்காரர் முதல் ஷிப்டு என்றால் மந்திரி இரண்டாவது ஷிப்டு. ராணி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கு எப்போது டியூட்டி என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாடகத்தின் எல்லா நடிகர்களையும் ஒரே சமயத்தில் நான் பார்த்தது பெரும்பாலும் மேடையில்தான். இந்தக் கூட்டத்துக்குள்தான் ஏழுமலை வந்து சேர்ந்தார்.

ஏழுமலைக்கு அப்போது ஐம்பத்தாறு வயது இருக்கும். பக்கத்திலுள்ள காடாம்புலியூர்க்காரர், வேலை கிடைத்ததிலிருந்து இங்கே குவார்ட்டர்ஸில் இருப்பவர். சுரங்கத்தில் நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. முதல் நாள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன், எதற்காக நடிக்க வேண்டும் என்று.

"சின்ன வயசுலேந்து ஆசைங்க. முப்பது வருஷமா ஹெல்மெட்டும் தூசியுமா போயிடுச்சி. எம் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு எனக்கே மறந்து பூட்டுது. ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டுங்க. அதுக்குள்ள ஒரு படத்துல, ஒரே ஒரு சீன்ல, மூஞ்சி முழுசா தெரிஞ்சா போதும்ங்க" என்றார்.

இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. மற்றவர்களெல்லாம் 'கலைத்தாகம்' என்பார்கள். இந்த மனிதரை எப்படியாவது ஒரு சீனில் நிறுத்திவிட வேண்டும் என்று அன்றே எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. அந்தப் பிடிவாதத்தில் தப்பில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது பேசினால் தலையை இடப்பக்கம் சாய்த்து, வலது காதைக் கொஞ்சம் தூக்கிக் கேட்பார். தரையில் கிடக்கும் தானியத்தைக் கோழி ஒரு கண்ணால் பார்க்குமே, அந்த மாதிரி. கேட்டு முடித்ததும் உடனே பதில் வராது. இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வாயைத் திறப்பார். "கழுத்து வலியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம். பெல்ட்டு ஓரமாவே நடந்துகினு போவோம். பெல்ட்டுக்கு அடியில வரிசையா ரோலர் சுத்திகினு இருக்கும், ஒரே எரைச்சல். அதுல ஏதோ ஒரு ரோலர் மட்டும் சரியா சுத்தாம கீச்சுன்னு லேசா ஒரு சத்தம் குடுக்கும். அத்தினி எரைச்சல்ல அந்த ஒண்ண காதுல புடிக்கணும்ங்க. வுட்டுட்டோம்னா சூடேறி பெல்ட்டே பத்திக்கும். அப்பிடியே பழகிப் போச்சி."

"மைன்ஸ்ல காதக் குடுங்க. இங்க தலைய நேரா வைங்க" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சாமர்த்தியமாகப் பேசிவிட்ட சந்தோஷத்தில் நானும் சிரித்தேன். சிவப்புக் காயை எடுத்து அவர் தலையில் வைத்தேன்.

அடுத்த ஒரு வருஷம் அந்தக் காய் அவர் தலையில்தான் இருந்தது. முதல் மாதம் தடதடவென்று விழுந்துகொண்டே இருந்தது. அவரும் சலிக்காமல் குனிந்து எடுத்து, மறுபடியும் முதல் வசனத்திலிருந்து ஆரம்பிப்பார். வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் தலையில் வைத்துப் பழகினார். ஷிப்டு முடிந்து குளித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவார். இரண்டு விநாடி தாமதத்தையும் ஒழித்தேன். எதிராளி வாயை மூடியதும் இவர் வாய் திறந்தாக வேண்டும் என்று கைதட்டித் தட்டிப் பழக்கினேன். வருஷக் கடைசியில் ஏழுமலை தூண் போல நின்று, மணி அடித்த மாதிரி வசனம் பேசினார். காய் அசையவில்லை. என் மாணவர்களிலேயே அதிகம் மாறியவர் இவர்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் சாயங்காலம் அவர் மனைவி அஞ்சலை கிளப் வாசலில் வந்து நின்றாள். கையில் காய்கறிப் பை. "டீச்சர், ஒரு நிமிஷம்ங்க" என்று ஓரமாகக் கூப்பிட்டாள்.

"எங்க வூட்டுக்காரர என்னா பண்ணி வச்சிருக்கீங்க? முந்தியெல்லாம் நா ஒண்ணு சொன்னா தலைய சாச்சிகினு கேப்பாரு. பதில் சொல்றாரோ இல்லியோ, கேட்டுகினு இருக்காருன்னு ஒரு நெனப்பு இருக்கும். இப்ப செவுரு மாரி நிக்கிறாரு. நா சொன்னது உள்ள போச்சா இல்லியான்னே தெரிய மாட்டேங்குது. நா முடிக்கங்காட்டியும் டக்குனு பதில் வேற வந்துடுது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நடிகருக்கு அப்படித்தான் இருக்கணும் அஞ்சலை. நாளைக்குப் படத்துல பார்த்தா நீயே பெருமைப்படுவ" என்றேன்.

"நீங்க படிச்சவங்க. நா என்னாத்த சொல்றது" என்று பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இதைப் பெரிய ஜோக்காக என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மா சொல்றதுல ஏதோ விஷயம் இருக்கற மாதிரி இருக்கே" என்றார். "காபி ஆறுது, குடிங்க" என்றேன். நாள் முழுக்க மற்றவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு வீட்டில் யார் பேச்சைக் கேட்கத் தோன்றும்?

இதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு படக்குழு இந்தப் பக்கம் வந்தது. சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளைப் பற்றிய கதை. அப்பா வேஷத்துக்கு இந்தப் பக்கத்து முகம் ஒன்று வேண்டும், மூன்று சீன் இருக்கிறது, ஒரு நாள் வந்து ஆட்களைப் பார்க்கிறோம், இடம் கிடைக்குமா என்று துணை இயக்குநர் போனில் கேட்டார். இளம்பெண், மரியாதையாகப் பேசினார். எனக்குக் கால் தரையில் இல்லை. "மைன்ஸ் தொழிலாளி வேஷத்துக்கு மைன்ஸ் தொழிலாளியையே தர்றேன். அதுவும் ஒரு வருஷம் டிரெயினிங் குடுத்து" என்றேன்.

ஏழுமலைக்கு விஷயம் தெரிந்த இரண்டாம் நாள் அவருடைய செக்‌ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் 'ஆக்டரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆடிஷன் நாளன்று அவருடைய ஷிப்டை ஒருவர் தானாகவே மாற்றி எடுத்துக்கொண்டார். ரிட்டயர்மெண்டுக்கு ஏழெட்டு மாதம்தான் பாக்கி. இதைவிட்டால் இன்னொரு படக்குழு இந்தப் பக்கம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளப் பெரிய ஹாலில் ஆடிஷன். துணை இயக்குநர் சின்ன கேமரா ஒன்றை ஸ்டாண்டில் வைத்திருந்தார். மகளின் வசனத்தைப் படிக்க உதவியாளர் பெண் ஒருத்தி, இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது, கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். சீன் இதுதான்: மகள் வந்து, அப்பா வாங்கிக்கொடுத்த வேலைக்குத் தான் போகப் போவதில்லை, நாளைக்கே வெளியூர் கிளம்புகிறேன் என்கிறாள். அப்பாவுக்கு ஒரே வசனம். "அம்மாகிட்ட சொல்லிட்டியாம்மா?"

ஏழுமலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து நின்றார். அந்தப் பெண் படித்து முடித்த மறுகணமே, அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்து, ஹால் அதிர, "அம்மாகிட்ட சொல்லிட்டியாம்மா!" என்றார். கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். அந்த ஹாலில் அன்று கடைசி வரிசையே இல்லை. கிளப் விதிமுறைகளை எழுதி மாட்டிய சுவர்தான் இருந்தது.

இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். அதேதான், இன்னும் கொஞ்சம் கணீரென்று. துணை இயக்குநர் "தேங்க்ஸ்ங்க சார், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் வந்து குரலைத் தணித்தார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். இவரைப் பாத்தா மைன்ஸ்ல வேலை செய்றவர் மாதிரியே இல்ல. நாடகத்துல மைன்ஸ்காரரா நடிக்கிறவர் மாதிரி இருக்காரு."

முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் நடந்த மனிதரைப் பற்றி இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு மைன்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் என் பார்வை தற்செயலாக ஹால் மூலைக்குப் போனது. சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்த அஞ்சலை ஏழுமலையிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்றோ, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்றோ. அவர் கழுத்து கொஞ்சம்கூட அசையவில்லை. நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே டக்கென்று ஏதோ பதில் சொன்னார். அவள் வாயை மூடிக்கொண்டு கூடையைக் கீழே வைத்தாள்.

அஞ்சலை வாசலில் வந்து சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. எத்தனையோ மாதம் தாமதமாக.

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வெட்கமாக இருந்தது. நடிப்பென்றால் பாதி, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்பதுதான் என்று வாராவாரம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கேட்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்தார். அவ்வளவு இரைச்சலில் ஒரே ஒரு ரோலரின் சத்தத்தைப் பிடிக்கிற காது. அதை முதல் நாளே தன் வாயால் சொன்னார். நான் ஜோக் அடித்துவிட்டு, ஒரு வருஷம் உட்கார்ந்து அந்தக் காதை அடைத்துவிட்டேன்.

இனி நேரம் அதிகமில்லை. வரிசையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு மணிக்குள் படக்குழு கடலூர் கிளம்ப வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும், அதனால் அப்போது என் மனதில் என்னென்ன ஓடியது என்று எழுதுகிறேன். முதலில் தோன்றியது, "இயல்பா இருங்க" என்று அவரிடம் சொல்வது. சொன்னால் ஏழுமலை இயல்பாக இருப்பதையும் கணீரென்று நடித்துக் காட்டுவார். அவ்வளவு நல்ல மாணவர். அடுத்து, தலையைச் சாய்க்கச் சொல்லலாமா என்று தோன்றியது. சாய்ப்பார், நான் சொன்னேனே என்பதற்காகச் சாய்ப்பார். அது சாய்ந்த தலையாக இருக்கும், கேட்கிற தலையாக இருக்காது. நான் என்ன சொல்லிக்கொடுத்தாலும் அது அவர் தலையில் இன்னொரு காயாகத்தான் உட்காரும். அதனால் எதையும் சொல்லிக்கொடுக்காமல் அவரைக் கேட்க வைக்க வேண்டும்.

முதலில் அவரிடம் போனேன். மற்ற மாணவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். "ஏழுமலை, தப்பு உங்க மேல இல்ல. நான்தான் உங்களக் கெடுத்து வச்சிருக்கேன்" என்றேன்.

"அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க மேடம்" என்றார். கண் கலங்கியிருந்தது. "வுடுங்க, நமக்கு அவ்ளோதான். நாளைக்கி பெல்ட்டாண்ட போயி எப்பிடி நிக்கிறதுன்னுதான் தெரியல. எல்லாரும் கேப்பானுங்க."

"நாளைக்கு விஷயத்த நாளைக்குப் பாப்போம். இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு நேராகக் கேரம் அறைக்குப் போனேன். நாலு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு போர்டையும் தூக்கிக்கிட்டு ஹாலுக்கு வாங்க. எவ்வளவு சத்தமா ஆட முடியுமோ அவ்வளவு சத்தமா ஆடுங்க" என்றேன். சத்தம் போடாதீர்கள் என்று இருபது வருஷத்துக்கு மேல் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற முகத்தோடு எழுந்து வந்தார்கள்.

ஹாலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாரி ஏற்றத்தில் போகிற மாதிரி சத்தம் போடும் என்று நாங்கள் அதைப் போடுவதே இல்லை. அதைப் போட்டேன். மூலையில் கிடந்த இரண்டு பெடஸ்டல் ஃபேன்களையும் போட்டேன். கேரம்காரர்கள் ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்தார்கள். துணை இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டார்.

"மேடம்! சவுண்டு ஒண்ணுமே ரெக்கார்ட் ஆகாது!"

"ஆக வேணாம்மா. மூஞ்சிய மட்டும் எடுங்க. ஒரே ஒரு தடவ, எனக்காக" என்று அவர் காதருகே போய்க் கத்தினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேமராவின் பின்னால் போய் நின்றார். நல்ல பெண், எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வசனம் படிக்கும் பெண்ணிடம் போய்க் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். அதில் இருப்பது ஏழுமலைக்கு மனப்பாடம், மனப்பாடமானதை யாரும் கேட்க மாட்டார்கள். "உன் வீட்டு விஷயம் ஏதாவது ஒண்ணு அவர்கிட்ட சொல்லு. நெஜமானதா இருக்கட்டும். சத்தமா சொல்லாத" என்றேன். பிறகு ஏழுமலையிடம், "நடிக்கவே வேணாம். இந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேட்டு எங்கிட்ட வந்து சொல்லணும். ஒரு வார்த்த விடக் கூடாது" என்றேன். தலையை ஆட்டினார்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அவள் உதடு அசைவது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏழுமலை முதலில் தூணாகத்தான் நின்றார். ஸ்ட்ரைக்கர் சத்தம் ஒன்று கேட்டது, அவர் புருவம் சுருங்கியது. ஒரு அடி முன்னால் வந்தார். அப்புறம் அந்தத் தலை மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. வலது கை தானாக மேலே போய், அங்கே இல்லாத ஹெல்மெட்டின் விளிம்பைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டது. ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம் திரும்பி வந்திருந்தது. அந்தப் பெண் பேசப் பேச, அவள் சொல்வதெல்லாம் அந்த முகத்தில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேருவது தெரிந்தது.

அவள் நிறுத்தினாள். அவர் உடனே பேசவில்லை. நான் ஒழித்துக்கட்டிய அந்த இரண்டு மூன்று விநாடி அப்படியே திரும்ப வந்தது. அதன் பிறகு ஏதோ ஒன்று கேட்டார். எங்களுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் இல்லை என்று தலையசைத்துவிட்டுத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துணை இயக்குநர் கேமராவை நிறுத்தவே இல்லை.

ஃபேன்களை நிறுத்தினேன். ஏழுமலை என்னிடம் வந்து, ஒப்புக்கொண்ட வேலையை முடித்தவராக அறிக்கை கொடுத்தார். "இந்தப் பொண்ணு வூட்டுல சொல்லாமதான் சினிமா வேலைக்கி வந்துடுச்சாங்க. அவங்க அப்பா ஆறு மாசமா பேசலியாம். போன மாசம் ஒருநா போனு அடிச்சிருக்காரு, எடுத்தா ஒண்ணும் பேசாம இருந்துட்டு வச்சிட்டாராம். அதான் சொல்லிச்சி."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"திரும்ப நீ போன் பண்ணியாம்மா, அம்மாகிட்டயாவது சொன்னியாம்மான்னு கேட்டேங்க." சொல்லிவிட்டுத் தயங்கினார். "நா நடிக்கவே இல்லியே மேடம். பரவால்லீங்களா?"

துணை இயக்குநர்தான் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போன் நம்பர் குடுங்க சார்" என்றார். அஞ்சலை மூலையிலிருந்து என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று கேட்டிருப்பேன்.

எல்லோரும் கிளம்பியதும் கேரம்காரர்கள் போர்டைத் தூக்க வந்தார்கள். கைப்பையைத் திறந்து சிவப்புக் காயை எடுத்துப் போர்டு நடுவில் வைத்தேன். அவர்களில் பெரியவர் காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் முடிஞ்சுதுங்களா மேடம்?" என்றார்.

என் குருவை நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவர் காலத்து மேடைக்கு நேரான கழுத்து தேவைப்பட்டது, அதனால் தீப்பெட்டி வைத்தார். காரணத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தீப்பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். ஃபைலில் அந்தப் பயிற்சி இன்னும் இருக்கிறது, பெரிய மேடைக்குப் போகிறவர்களுக்கு வேண்டும். ஆனால் ஒருவரிடம் ஏதாவது பழக்கத்தைப் பார்த்து உங்களுக்குக் கை பரபரத்தால், திருத்துவதற்கு முன் அது அவருக்கு எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது ஜோக் அடிக்காதீர்கள். அவர் வீட்டு ஆட்கள் யாராவது வாசலில் வந்து நின்றால், உட்கார வைத்துக் கேளுங்கள். இதைத்தான் ஃபைலில் எழுதாமல் விட்டேன்.

அந்தப் படம் ஏழுமலை ரிட்டயர் ஆன மாதத்தில் வந்தது. எடுத்த மூன்று சீனில் இரண்டு காணாமல் போய்விட்டன, சினிமாவில் அது சகஜம். மிஞ்சிய ஒன்றிலும் அவர் வசனத்தை வெட்டிவிட்டார்கள். மதியக் காட்சிக்கு அவருடைய செக்‌ஷன் ஆட்கள் இரண்டு வரிசை முழுக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் அஞ்சலை, அவளுக்கு அந்தப் பக்கம் ஏழுமலை. அவர் முகம் திரையில் வந்ததும் விசில் பறந்தது. ஹெல்மெட் இல்லை, தூசி இல்லை, முகம் முழுசாகத் தெரிந்தது. மகள் பேசுகிறாள், அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவ்வளவுதான் சீன். விசில் தானாக அடங்கியது. அவ்வளவு பேரும் வாயை மூடிக்கொண்டு, ஒருவர் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அஞ்சலை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்ல ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

அவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழுமலையின் தலை அவள் பக்கம் சாய்ந்தது. "என்னா சொன்ன?"

"ஒண்ணுமில்ல. படத்தப் பாருய்யா" என்றாள். அவர் தலையை எடுக்கவில்லை. இன்னும் இரண்டு விநாடி அப்படியே காத்திருந்துவிட்டுத்தான் திரையைப் பார்த்தார்.